சிற்றிலும் செல்வரும்

சிறிய வீடே சீரிய வீடு என்றோர் புதுப்பாடம் இன்று பட்டணத்திலே ஓதப்படுகிறது. ஓதுவோர் யார்? ஓட்டைக் குடிசையிலே ஒண்டிக் கிடப்போரா? அல்ல, அல்ல! ஏழு அறைகளும் எட்டுக் குளியலறைகளும் கொண்ட மாளிகையிலே இருந்து இருந்து அலுத்துப்போன அன்பர்கள்! அலமாரி நிறையச் சட்டை, அறை நிறைய நாற்காலி, ஆளுக்கொரு கார் — இத்தனையும் சேர்த்த பிறகு, "அடடா! சாமான்களை நாமா ஆள்கிறோம்? சாமான்கள் அல்லவா நம்மை ஆள்கின்றன!" என்று ஞானோதயம் பெற்றவர்கள். பெறட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. தொழிற்சாலையிலே சுவரையும் கூரையையும் செய்து, லாரியிலே ஏற்றி வந்து, சில நாட்களிலே முடுக்கி நிறுத்திவிடும் சிறு வீடு ஒன்றை, மலைச்சாரலிலே ஒரு காணி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சனி ஞாயிறுகளிலே அங்கே சென்று எளிமையை அனுபவிக்கிறார்கள். திங்கட்கிழமை காலை மாளிகைக்குத் திரும்பிவிடுகிறார்கள். (சின்ன வீடு என்று எழுதினால் வாசகர்கள் வேறு பொருள் கொண்டு சிரிப்பார்கள், ஆகவே சிறு வீடு என்றே எழுதுகிறோம்.)

இந்தப் பாடத்துக்கு மூல ஆசிரியராக அவர்கள் காட்டுவது அமெரிக்க அறிஞர் தோரோவை. 1845ஆம் ஆண்டு, வால்டன் குளக்கரையிலே, பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட ஒரு குடிலைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டு அவர் குடியேறினார். செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று ஆணிக்கும் பலகைக்கும் கணக்கெழுதி வைத்தார். அவரை நாம் மதிக்கிறோம். அடிமை முறையை எதிர்த்து, வரி கொடுக்க மறுத்துச் சிறை சென்றவர் அவர். ஆனால் ஒன்றை மறவாதீர். அந்தக் குடில் நின்ற நிலம் அவருடைய நண்பர் எமர்சனுடையது. மரம் வெட்டிய கோடரியும் இரவல். இரண்டாண்டும் சில திங்களும் இருந்துவிட்டு, போதும் என்று வெளியேறினார். வெளியேற அவருக்கு ஒரு வீடு இருந்தது! வேண்டாமென்று துறப்பவனின் எளிமையும், வேண்டியும் கிடைக்காதவனின் இல்லாமையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் பத்தடிக் குடில்தான். ஒன்றிலே கதவு உள்ளிருந்து திறக்கிறது. மற்றொன்றிலே வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே சென்றால், கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன் மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். ஒன்று ஏறத்தாழ 2,700 அடி, மற்றொன்று ஏறத்தாழ 4,000 அடி. மலையாளி என்று பட்டியலிலே பெயர் பெற்ற பழங்குடி மக்கள் — கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளிலே வந்த பெயர் — சாமை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிட்டும் கடுக்காய் பொறுக்கியும் வாழுமிடம். மலையை ஆள்பவர் என்று பெயர். ஆண்டவர்களோ மூன்று ஜாகீர்தார்கள்! நாட்டிலே ஜமீன்கள் ஒழிந்து கால் நூற்றாண்டு ஆகும்வரை இந்த மலையிலே ஜாகீர் நீடித்தது. 1976இலேதான் அரசு மலையைக் கையிலெடுத்தது.

சென்ற முறை கூட்டம் ஒன்றுக்காக மலையேறியபோது, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலே, கூரையில்லாத வீடு ஒன்றைக் கண்டோம். நான்கு சுவர் எழும்பி, கதவுக்கு இடம் விட்டு, லிண்டல் மட்டம் வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே பூசணிக்கொடி படர்ந்திருந்தது. பக்கத்திலே பழைய கொட்டாய். அதன் வாசலிலே ஒரு மூதாட்டி முறத்திலே சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆத்தா, வீடு பாதியிலே நிக்குது?"

"செவுரு நிக்குது சாமி, கூரைதான் வரலே. கல்லு, மணலு, கம்பி, சிமிட்டி எல்லாம் கீழேருந்து வரணும். லாரி ரோட்டோட நின்னுடுது. அப்புறம் தலைச்சுமைதான். மூட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. வந்த பணம் செவுத்தோட சரியாப் போச்சு."

"சாமி என்று அழைக்காதீர்கள் ஆத்தா, உங்கள் பிள்ளை போல" என்றோம். சிரித்துவிட்டு, "சரி சாமி" என்றார்! பகுத்தறிவுப் பிரசாரத்துக்கு இன்னும் எத்தனை மலை ஏறவேண்டுமோ!

அவர் வாழ்கிற கொட்டாயைச் சுற்றிப் பார்த்தோம். மூங்கிலைப் பிளந்து தரையிலே போட்டுத் தட்டி முடைந்திருக்கிறார்கள். முடைந்த தட்டியைத் தூக்கிக் கம்பத்தோடு கட்டி, இருபுறமும் மண் பூசியிருக்கிறார்கள். மேலே மலைப்புல். உள்ளே பரண், அதிலே தானியமும் விதையும், அடுப்புப் புகை ஏறி ஏறி விதையைப் பூச்சி தீண்டாமல் காக்கிறது. முன்னே ஒரு திண்ணை. சாமான் என்று எண்ணினால் இரண்டு கைவிரல்கள் போதும். சுவரைத் தனியே செய்து பிறகு தூக்கிப் பொருத்துவது — இதைத்தானே அய்யா, புதுமை புதுமை என்று புகழ்கிறார்கள்! பொருத்து வீட்டுக்கு எந்த நாட்டு நிறுவனத்திடமும் இந்த மக்கள் பாடம் கேட்க வேண்டியதில்லை. இயற்கைக்குக் கேடு செய்யாத வீடு எது என்று கேட்டால், இந்தக் கொட்டாயைத்தான் காட்டவேண்டும். உலகம் வெளியிடும் கரியமிலவாயுவிலே சுமார் 8 சதவீதம் சிமெண்டுத் தொழிலால் வருவது என்கிறார்கள். அந்தக் கணக்கிலே ஆத்தாவின் பெயரில் ஒரு குன்றிமணிகூட ஏறாது.

"அப்படியானால் அவர்கள் அப்படியே இருக்கட்டுமே!" என்று உடனே ஒரு குரல் எழும். எழுகிறது. படித்தவர் வாயிலிருந்தே எழுகிறது. எத்தனை அழகு, எத்தனை குளிர்ச்சி, எத்தனை இயற்கை! இதை இடித்துவிட்டு எதற்குக் கான்கிரீட்?

எதற்கா? புல் கூரை ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும். புல் அறுக்கக் காட்டுக்குள் போனால் கேட்க ஆள் இருக்கிறது. மண்ணிலே ஊன்றிய மூங்கில் இரண்டு மூன்றாண்டிலே செல்லரிக்கும். அடுப்புப் பொறி ஒன்று மேலே பறந்தால், நாழிகைப் பொழுதிலே வீடும் விதையும் ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் சாம்பல். மலைச் சிறுவன் படிப்பு அந்தச் சான்றிதழிலேதானே தொங்குகிறது! இன்னொன்றும் உண்டு, அதை அழகு பேசுவோர் அறியார். இந்த நாட்டிலே கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் போட்டதல்ல, அந்தஸ்துக்கும் போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரிலே நாடார் குலத்தார் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று கட்டு இருந்ததே, எதற்காக? மழை தமிழனை மட்டும் சாதி பார்த்து நனைக்குமா? நம் பக்கத்திலே கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு என்று சொல்லும்போதே ஆளின் மதிப்பையும் சேர்த்தே சொல்கிறோம். பெண் கொடுக்க வருபவர் முதலிலே பார்ப்பது கூரையை. ஆகவே ஆத்தாவுக்கு மெத்தை வீடு வேண்டும் என்றால், அது ஆடம்பர ஆசை அல்ல. அதை மறுக்க எந்த மாளிகைவாசிக்கும் உரிமை இல்லை.

தமிழ்நாட்டின் வீட்டுத் திட்டங்கள் இந்த உண்மையை உணர்ந்தவை. 1970இல் குடிசை மாற்று வாரியம், 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் சூரிய விளக்குகளோடு 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் — ஆட்சி மாறியும் நோக்கம் மாறவில்லை. கனவு இல்லம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. தொகை மூன்றரை லட்சம். நல்ல திட்டம். சமவெளியிலே செங்கல் சூளை பக்கத்து ஊரிலே இருக்கும். மணல் வண்டி வாசலிலே நிற்கும். மலையிலே? கணக்கு எங்கே இடறுகிறதென்றால் சுமைகூலியிலே இடறுகிறது. கீழே ஒரு விலை, சாலை முனையிலே ஒரு விலை, வீட்டு வாசலிலே ஒரு விலை. கான்கிரீட் என்பது கனம். கனத்தை மலையேற்றுவது காசு. வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும், சுமையைத் தனிக்கணக்காகக் கொடுக்காதவரை பூசணிக்கொடிதான் குடியேறும்.

இங்கேதான் பொருத்து வீட்டுக்கு நியாயமான ஓர் இடம் இருக்கிறது. பட்டணத்துச் செல்வருக்கு அது பொழுதுபோக்கு. மலைக்கு அது தேவை. கனமில்லாத சுவர், துண்டு துண்டாக ஏற்றக்கூடிய கூரை, மழைக்காலத்துக்கு முன்னே முடிந்துவிடும் வேலை. ஆனால் அவசரப்பட வேண்டாம். தொழிற்சாலை வீட்டின் கதையிலே வெற்றியும் உண்டு, வெட்கமும் உண்டு.

இரண்டாம் உலகப்போர் முடிந்து வீடிழந்த மக்களுக்காகப் பிரிட்டன் ஏறத்தாழ 1,56,000 பொருத்து வீடுகளை நிறுவியது. பத்தாண்டு தாங்கினால் போதும் என்று செய்தவை. சமையலறையும் குளியலறையும் குளிர்பெட்டியும் உள்ளேயே வைத்துக் கொடுத்ததால் தொழிலாளர் குடும்பங்கள் அவற்றை விட மறுத்தன. அரை நூற்றாண்டு கடந்தும் சிலவற்றில் குடியிருந்தார்கள். அதே காலத்திலே டெல்லியிலும் ஒரு வீட்டுத் தொழிற்சாலை எழுந்தது, பிரிவினையிலே அகதியானவர்களுக்கு வீடு வார்க்க. வார்த்த பலகைகள் வீடாகுமுன்னே விரிசல் விட்டன.

டெல்லி தொலைவு. யாழ்ப்பாணம் தொலைவல்ல. 2009இல் போர் முடிந்த பின், வீடிழந்த ஈழத்தமிழர்க்கு இந்திய உதவியிலே 50,000 வீடுகள் என்று திட்டம் வந்தது. பெரும்பாலான வீடுகளுக்குப் பணம் தவணை தவணையாகக் குடும்பத்தின் கையிலேயே கொடுக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். கட்டியது அவர்களும் அவர்கள் ஊர்க் கொத்தனார்களும். பிறகு, 2015-16இல், கொழும்பு ஆட்சியாளர் 65,000 இரும்பு வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தப்போவதாக அறிவித்தனர். விலை ஒன்றுக்குச் சுமார் 21 லட்சம்! கல்வீடு சுமார் எட்டு லட்சத்திலே முடியும்போது இரும்புக்கு இருபத்தொன்று! உரும்பிராயிலே மாதிரி வீடு நிறுத்திக் காட்டினார்கள். மக்கள் வந்து பார்த்தார்கள். விறகடுப்பு எங்கே வைப்பது? பிள்ளைக்குக் கலியாணமானால் இன்னொரு அறையை எப்படி இறக்குவது? வெயிலிலே இரும்பு என்ன ஆகும், உப்புக்காற்றிலே என்ன ஆகும்? ஊர்க் கொத்தனுக்கும் தச்சனுக்கும் வேலை எங்கே? நாடாளுமன்றத்திலே தமிழ் உறுப்பினர்கள் கேட்டனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலார் குறைகளை எடுத்துக்காட்டினர். கடைசியிலே அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, கல்வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

அந்தக் கேள்விகளை மறுபடி படியுங்கள். இரும்பா கல்லா என்பது அவற்றிலே சிறு பகுதிதான். யார் முடிவு செய்தார்கள், யாருடைய கைக்குக் கூலி போயிற்று என்பதுதான் பெரும் பகுதி.

நம் நாட்டிலேயே அறிவுக்குப் பஞ்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலே 2013இல், உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தையும் கண்ணாடி இழையையும் கலந்து வார்த்த பலகையால் இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் எழுப்பினார்கள். பெரும்பாக்கத்திலே வார்ப்புத் துண்டுகளைப் பொருத்திக் கட்டிய 1,152 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன. பாராட்டுவோம். ஆனால் அந்த ஜிப்சப் பலகையின் முழு நீளம் 12 மீட்டர், கிட்டத்தட்ட நாற்பதடி! வெள்ளிமலைக் கொண்டை ஊசி வளைவிலே நாற்பதடிப் பலகையோடு ஒரு லாரி திரும்புவதை மனக்கண்ணால் பாருங்கள். திரும்பினால் அது லாரி அல்ல, பாம்பு! மலைக்கு வேண்டிய பொருத்து வீட்டின் அளவுகோல் தொழிற்சாலையிலே இல்லை; நான்கு பேர் தோளிலே இருக்கிறது. நால்வர் தூக்கி ஒற்றையடிப் பாதையிலே ஏற முடியாத எந்தத் துண்டும் அங்கே பயன்படாது.

பின் எது பயன்படும்? 2019 வரை கள்ளக்குறிச்சியும் ஆரோவில்லும் ஒரே விழுப்புரம் மாவட்டம். ஆரோவில் மண் கட்டடக் கழகத்தார் பல்லாண்டாகச் செய்துவருவது அழுத்திய மண்கல். தோண்டிய மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இழுக்கும் இயந்திரத்திலே அழுத்தி, சூளையிலே சுடாமல், நான்கு வாரம் நனைத்து ஆறவைத்தால் கல் ஆயத்தம். விறகு வேண்டாம், செங்கல் லாரி வேண்டாம், மலையேற வேண்டியது ஒரே ஓர் இயந்திரமும் சில மூட்டை சிமெண்டும். எல்லா மண்ணும் இதற்கு ஆகாது என்பதையும் சொல்லவேண்டும், சோதித்தே தொடங்கவேண்டும்.

கூரைச் சட்டத்துக்கும் உள்சுவருக்கும் மூங்கில். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரிலே ஊறவைத்து உலர்த்தி, கல் பீடத்தின் மேலே, மண்ணும் மழையும் தொடாதபடி நிறுத்தினால், இரண்டாண்டு மூங்கில் பல்லாண்டு மூங்கிலாகிவிடும். கீழே மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் (மூங்கில் பெயரோடு நிற்கும் ஊரிலே கரும்புதான் மணக்கிறது!). கரும்புச் சக்கையை அழுத்திப் பலகை செய்யலாம். உலகில் பல இடங்களில் செய்கிறார்கள். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஆகவே உட்கூரைக்கும் தடுப்புக்கும் மட்டுமே ஆகும். மேலே மெல்லிய கான்கிரீட்டோ, ஓடோ, தகடோ — குடியிருப்பவர் சொல்வதைப் போடவேண்டும். கான்கிரீட்டேதான் வேண்டும் என்றால் கான்கிரீட். சுமைகூலியை அரசு ஏற்கட்டும்.

மூங்கில் என்றதும் வனத்துறையின் முகம் மாறும் என்பதை அறிவோம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்று வகுத்து, அதை எடுக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு அளிக்கிறது. அதே சட்டம், 13-12-2005க்கு முன்பிருந்தே குடியிருந்து உழுதுவரும் நிலத்துக்கு, நான்கு ஹெக்டேருக்கு மேற்படாமல், பட்டா தரச் சொல்கிறது. தமிழ்நாட்டிலே அது வழக்கில் சிக்கிப் பல ஆண்டு முடங்கி, 2016இலேதான் தடை நீங்கியது. பட்டா இல்லாதவனுக்குக் கனவு இல்லமும் இல்லை. தோரோவுக்கு நிலம் தர எமர்சன் இருந்தார். கல்வராயன் மலைக்காரன் எந்த எமர்சனைத் தேடுவான்? அவனுக்கு அவன் நிலத்தையே எழுதிக் கொடுக்கவேண்டும், அவ்வளவே. சிறு வீடா பெரிய வீடா என்ற பேச்செல்லாம் அந்தக் காகிதத்துக்குப் பிறகு.

2024 ஜூனிலே கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், நாடு இந்த மலையை அண்ணாந்து பார்த்தது. அதுவும் ஊறலைத் தேடி. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலைமக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்தது. சாலை எங்கே, பேருந்து எங்கே என்று கேட்டது. யார் ஆண்டாலும் தலைகுனிய வேண்டிய கேள்விகள் அவை. நமக்கும் அதில் விலக்கில்லை. சாராயம் காய்ச்சுபவனைப் பிடிக்கப் போலீஸ் ஏறலாம். காய்ச்சாமல் பிழைக்கத் தொழில் ஏற வேண்டாமா? மண்கல் அழுத்தவும், மூங்கில் பதப்படுத்தவும், சட்டம் கோக்கவும் வெள்ளிமலையிலே ஒரு பட்டறை திறந்தால், வீடும் அங்கேயே, கூலியும் அங்கேயே. கீழேயிருந்து முழு வீட்டையே பெட்டியாகச் செய்து ஏற்றினால், ஒப்பந்தக்காரர் வீடு உயரும். மலை இளைஞன் வழக்கம்போல வேலை தேடி வெளியூர் பேருந்து ஏறுவான்.

நாம் கேட்பது பெரிதல்ல. மாவட்ட நிர்வாகம் முதலில் பாதியிலே நிற்கும் வீடுகளை ஊர் ஊராக எண்ணட்டும். அவற்றுக்குக் கனமில்லாத கூரையாவது இந்த மழைக்கு முன் ஏறட்டும். பிறகு வெள்ளிமலைப் பக்கம் பத்து மாதிரி வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. அதிகாரிகள் ரிப்பன் வெட்டிவிட்டுப் போகாமல், மலைக் குடும்பங்களையே ஓராண்டு குடிவைக்கட்டும். காற்றும் மழையும் பனியும் அடித்து ஓயட்டும். அதன் பின் குடியிருந்தவர்களைக் கேட்கட்டும், எது வேண்டும் என்று.

அந்த ஆத்தாவைக் கேட்டோம், எப்படிப்பட்ட வீடு வேண்டுமென்று. பூசணிக்கொடி படர்ந்த நான்கு சுவரைப் பார்த்தார். "முன்னாலே ஒரு திண்ணை வெக்க எடமே உடலியே சாமி, வர்றவங்க எங்க ஒக்காருவாங்க?" என்றார். அன்று நாம் உட்கார்ந்திருந்தது பழைய கொட்டாயின் திண்ணையிலே.